வீணைக்கு ஒரு பெட்டி

பார்சல் அனுப்பும் ஏற்பாடுகள் எல்லாமே செவ்வகப் பெட்டியை மனதில் வைத்து அமைந்தவை. அளக்கும் டேப், பார்சல்களைப் பிரிக்கும் இடத்தில் ஓடும் கன்வேயர் பெல்ட், வேனுக்குள் அடுக்கும் முறை, கட்டணக் கணக்கு ஆகிய எல்லாம் நீளம், அகலம், உயரம் என்ற மூன்று எண்களில் முடிந்துவிடும் பொருளையே எதிர்பார்க்கின்றன. தஞ்சாவூர் வீணை அப்படி முடிகிற பொருள் இல்லை. ஒரு முனையில் உருண்டு திரண்ட குடம். அதிலிருந்து நீளும் தண்டி. மறுமுனையில் கீழ்நோக்கி வளைந்த யாளி முகம். அதற்குச் சற்று முன்னால், தண்டிக்கு அடியில் சுரைக்காய். பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பிருடைகள். தண்டியின் மேலே, தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கரையில் பதித்த 24 மெட்டுகள். டொராண்டோவில் வீணை கற்கும் பேத்திக்கு இதை அனுப்ப வேண்டுமென்றால், பலர் முதலில் தேடுவது பபுள் ஷீட்டைத்தான். நான்கைந்து சுற்று சுற்றி, பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து, மிச்ச இடத்தில் பழைய துணியைத் திணித்து, மேலே பிரவுன் டேப் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

வீணை உடைவது பெரும்பாலும் மென்மை போதாததால் அல்ல. பெட்டி விழும்போது பிறக்கும் விசை எந்த வழியாக வீணைக்குள் நுழைய வேண்டும் என்பதை யாரும் தீர்மானிக்காததால்தான் உடைகிறது.

விழும் உயரத்திலிருந்து தொடங்குவோம். பேக்கிங் சோதனைக்கான விதிமுறைகளை வகுக்கும் இஸ்டா என்ற சர்வதேச அமைப்பின் அடிப்படைச் சோதனையில் ஒரு பெட்டியைப் பத்து முறை கீழே போடுவார்கள். ஒரு மூலை, மூன்று விளிம்புகள், ஆறு முகங்கள். எவ்வளவு உயரத்திலிருந்து என்பது எடையைப் பொறுத்தது. ஒன்பது கிலோ வரையுள்ள பெட்டிக்கு 76 செ.மீ. பதினைந்து கிலோ பெட்டிக்கு 61 செ.மீ. முப்பது, நாற்பது கிலோ என்றால் 30 செ.மீ.தான். கனம் கூடக்கூட உயரம் குறைவதற்குக் காரணம் மனித உடம்பு. லேசான பெட்டியை ஒருவர் மார்பளவு தூக்கி வீசலாம். கனமானதை இருவர் சேர்ந்து, தரையை ஒட்டித்தான் நகர்த்துவார்கள்.

பேக்கிங்கோடு சேர்ந்து நம் வீணைப்பெட்டி பதினைந்து கிலோ வரும் என்று வைத்துக்கொள்வோம். அறுபது செ.மீ. என்பது முழங்காலுக்குச் சற்று மேல். பயப்படும்படியான உயரமே இல்லை. அங்கிருந்து விழும் பெட்டி தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் அளவில் இருக்கும். மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் வேகம். ஆபத்து வேகத்தில் இல்லை, அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதில் இருக்கிறது. இதற்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் போதும். கிடைக்கும் எண், புவியீர்ப்பின் எத்தனை மடங்கு விசையைப் பொருள் சராசரியாகத் தாங்க வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடும். மெல்லிய அட்டையும் ஒரு சுற்றுத் துணியும் மட்டும் இருந்து அரை செ.மீ.க்குள் வீணை நின்றால், 60 வகுத்தல் அரை, அதாவது 120 மடங்கு. எட்டு கிலோ வீணையின் மேல் ஏறக்குறைய ஒரு டன் எடையை அந்தக் கணத்தில் ஏற்றியது போல. அதே வீணை நல்ல ஃபோம் மீது மூன்று செ.மீ. அமுங்கி நின்றால் 20 மடங்கு, அதாவது 160 கிலோ. இவை சராசரிகள். உச்சத்தில் விசை இதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டலாம்.

ஆக, ஃபோம், வைக்கோல், பபுள் எதுவானாலும் அது நமக்குத் தருவது தூரம். எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவுதான் அதன் பயன். அதனால் மிக மென்மையான பஞ்சும் உதவாது. வீணையின் எடையிலேயே அது அமுங்கித் தரை தட்டிவிடும், விழும்போது அமுங்குவதற்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. மிகக் கடினமான ஃபோமும் உதவாது. அது அமுங்கவே மறுக்கும். அஞ்சு செ.மீ. தடிமனுள்ள ஃபோமில் பயன்படுத்த முடிகிற தூரம் மூன்று செ.மீ. என்று கணக்கிடுவது நியாயம். அதற்குமேல் நசுங்கினால் ஃபோம் கல்லாக இறுகிவிடும்.

வீணையின் வடிவம் பிரச்சினையாவது இங்கேதான். குடம் உருண்டை. அதைத் தட்டையான ஃபோம் ஷீட்டின் மீது வைத்தால் நடுவில் ஒரு உள்ளங்கை அளவு இடம்தான் தொடும். எல்லா விசையும் அந்த உள்ளங்கைக்குள் குவிந்து, அடியிலுள்ள ஃபோம் ஒரே அடியில் நசுங்கித் தரை தட்டும். சுற்றியுள்ள ஃபோம் எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும். ஆகவே ஃபோமைக் குடத்தின் வளைவுக்கு ஏற்றபடி குழித்து வெட்ட வேண்டியிருக்கிறது. அதுவும் அளவோடு. நிறைய வைத்தால் நல்லது என்று குடத்தைச் சுற்றி இண்டு இடுக்கில்லாமல் அடைத்துவிட்டால், பரப்பு மிகுதியாகி, 160 கிலோ விசை அத்தனை ஃபோமையும் அமுக்கப் போதாமல் போகும். அமுங்காத ஃபோம் கடினமான ஃபோம்தான். பேக்கிங் பொறியாளர்கள் ஒவ்வொரு ஃபோமுக்கும் ஒரு வளைகோட்டு வரைபடம் வைத்திருக்கிறார்கள்: சதுர செ.மீ.க்கு எவ்வளவு எடை ஏற்றினால் அதிர்ச்சி மிகக் குறைவாக இருக்கும் என்று அது காட்டும். வரைபடம் கையில் இல்லாதவர் பார்க்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. வீணையை வைத்ததும் ஃபோம் லேசாக, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும் இறங்க வேண்டும்.

அடுத்தது பலரும் கவனிக்காத இடம். வீணையின் எடை சமமாகப் பரவியிருக்கவில்லை. பெரும்பங்கு குடத்தின் பக்கம். மறுமுனையில் யாளியும் பிருடைகளும் சேர்ந்து இன்னொரு சிறு கனம். இடையில் குடைந்த தண்டி. பெட்டி விழுகிறது. குடத்தடியில் ஃபோம் நன்றாக அமுங்கி மூன்று செ.மீ. இறங்குகிறது. தண்டிக்கு அடியிலோ இறுக்கி மடித்த துணி இருக்கிறது. அது அரை செ.மீ.கூட இறங்கவில்லை. ஒரே வீணையின் ஒரு முனை நின்றுவிட்டது, மற்ற முனை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வித்தியாசம் முழுவதையும் தண்டி வளைந்து ஏற்க வேண்டும். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் விரிசல் விழ இது போதும். எனவே ஒவ்வொரு தாங்கலின் பரப்பும் அது சுமக்கும் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: குடத்தின் கீழ் அகலமான ஃபோம், தண்டியின் கீழ் அதே ஃபோமில் சிறு துண்டுகள். அப்போது வீணை முழுவதும் ஒன்றாக இறங்கி ஒன்றாக நிற்கும். விலை உயர்ந்த பொருள் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒரு கத்தியும் ஒரு ஸ்கேலும் பொறுமையும் போதும்.

யாளியின் கழுத்தைக் கிட்டத்தில் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரத்தில் செதுக்கிய வீணை என்றால், மஞ்சள் கலந்த பழுப்பில் நார் ஓட்டம் தண்டியின் நீளத்தை ஒட்டி நேராகப் போவதைக் காணலாம். தலை கீழ்நோக்கி வளையும் இடத்தில் மரம் வளைகிறது, நார் வளைவதில்லை. செதுக்கிய வளைவை நார்கள் குறுக்காக வெட்டிக்கொண்டு போகின்றன. மரம் நாரின் திசையில் இழுவிசையைத் தாங்கும் வலுவில் பத்தில் ஒரு பங்குகூடக் குறுக்குத் திசையில் தாங்காது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணையானாலும் சரி, தனித்தனியாகச் செய்து சேர்த்த ஒட்டு வீணையானாலும் சரி, கழுத்து வளைவை நம்பக் கூடாது. கித்தார் தலை ஒடிவதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். தரையில் எதுவும் படாமலேகூட ஒடியும். பெட்டி நின்றுவிட்ட பிறகும் தலையின் கனம் நகர்ந்துகொண்டே இருக்கப் பார்க்கிறது, கழுத்து அதைப் பிடித்து நிறுத்த முயன்று தோற்கிறது. யாளியின் மூக்கில் ஃபோமை முட்டுக்கொடுத்து வைப்பது இதனால்தான் தவறு. தாங்கல் வளைவுக்கு முன்னாலேயே, தண்டியின் உறுதியான பகுதியில் இருக்க வேண்டும். தலைக்கு அடியில் மெல்லிய துணை மட்டும், அதுவும் முகத்தின் செதுக்கலைத் தொடாமல், பின்பக்கத்தில். யாளியின் காதும் கோரைப்பல்லும் எதன்மீதும் படாமல் காற்றில் நிற்கட்டும்.

சுரைக்காயைக் கழற்றிவிடலாம், அது திருகில் நிற்கிற பாகம். இப்போது பல வீணைகளில் காகிதக் கூழால் செய்த குடுக்கைதான் இருக்கிறது. கழற்றிய அதைப் பெட்டிக்குள் சும்மா போட்டால் ஒவ்வொரு குலுக்கலிலும் வீணையையே போய் இடிக்கும். அதற்குத் தனியாக ஒரு சின்ன அட்டைப்பெட்டி வேண்டும், அந்தப் பெட்டி தண்டியின் பக்கத்துக் காலியிடத்தில் அசையாமல் செருகப்பட வேண்டும். தந்திகளை முழுதும் அவிழ்க்க வேண்டாம், நன்றாகத் தளர்த்தினால் போதும். இழுவை குறைந்தால் கழுத்துக்கும் குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரைக்கும் அந்தச் சுமை குறையும். தளர்ந்த தந்திகளுக்கும் மெட்டுகளுக்கும் இடையில் ஒரு மெல்லிய துணிப்பட்டையைச் செருகிவிட்டால் உரசல் இருக்காது. குதிரையின் மேல் எதுவும் அழுத்தக் கூடாது. அதன் மேலுள்ள உலோகத் தகட்டின் மெல்லிய வளைவுதான் வீணையின் நாதத்துக்குப் பெரிய காரணம். சர் சி.வி. ராமன் 1921இல் வெளியிட்ட கட்டுரையில், தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் ஒலிக்காமல் போக வேண்டும் என்ற பழைய இயற்பியல் விதியை வீணையும் தம்பூராவும் மீறுவதை எழுதினார். அதற்கு அவர் காட்டிய காரணம் அந்த வளைந்த குதிரை.

இனிப் பெட்டியின் அளவு. வீணை சுமார் நாலடி. இருபுறமும் இடம் விட்டால் பெட்டி 140 செ.மீ. நீளம், 45 அகலம், 40 உயரம் என்று வரும். சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளில் பார்சலுக்கான உச்ச அளவு இரண்டு மீட்டர் நீளம். நீளத்தையும் சுற்றளவையும் கூட்டினால் மூன்று மீட்டரைத் தாண்டக் கூடாது. பல நாட்டு அஞ்சல் துறைகள் இதைவிடச் சிறியதையே ஏற்கின்றன. நம் பெட்டியின் சுற்றளவு 170, நீளம் 140, கூட்டினால் 310. பத்து செ.மீ. அதிகம். சுரைக்காயைக் கழற்றி உயரத்தை 35 ஆக்கினால் சரியாக 300. ஒரு திருகைக் கழற்றியதில் பார்சல் விதிக்குள் வந்துவிட்டது. கூரியர் நிறுவனங்களிடம் போனால் வேறு கணக்கு. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுத்துக் கிடைப்பதைக் கிலோவாக எடுத்துக்கொண்டு, அதற்கும் உண்மை எடைக்கும் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுவது பெரும்பாலான நிறுவனங்களின் வழக்கம். நம் பெட்டிக்கு 44 கிலோ வருகிறது. பதினைந்து கிலோ பார்சலுக்கு 44 கிலோ கட்டணம், ஏனென்றால் விமானத்தில் அது அடைத்துக்கொள்ளும் இடம் அவ்வளவு. தண்டிப் பக்கம் குறுகிப் போகும் பெட்டி செய்தாலும் பயனில்லை. அளப்பவர் அகலமான இடத்தைத்தான் அளப்பார். குறுகிய பெட்டியின் மேல் மற்ற பெட்டிகள் சரியாக உட்காராது என்பதும் ஒன்று.

நீளமான பெட்டிக்கென்றே ஒரு தனி ஆபத்து இருக்கிறது. இடம் மிச்சமாகும் என்று அதை யாராவது நிமிர்த்தி வைப்பார்கள், அது சாயும். சீரான எடையுள்ள 1.4 மீட்டர் கம்பம் நின்ற நிலையிலிருந்து சாய்ந்து விழுந்தால் அதன் நுனி தரையில் மோதும் வேகம் வினாடிக்கு 6.4 மீட்டர். அதே உயரத்திலிருந்து கைநழுவி நேரே விழும் கல்லுக்கு 5.2 மீட்டர்தான். கம்பத்தின் கீழ்ப்பகுதிகள் சிறிது தூரமே இறங்குகின்றன என்றாலும், அவற்றின் ஆற்றலிலும் ஒரு பங்கு நுனிக்குப் போய்ச் சேர்கிறது. வெட்டிச் சாய்த்த தென்னையின் உச்சி அப்படி அறைவதும் இதனால்தான். கணக்குப்படி அந்த நுனி 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்ததற்குச் சமம். குடம் கீழே இருக்கும்படி நிறுத்திய பெட்டி அவ்வளவு எளிதில் சாயாது; ஆனால் சாய்ந்துவிட்டால் கீழேயுள்ள கனம் மேல்முனையை இன்னும் வேகமாகச் சுழற்றி இறக்கும். அந்த மேல்முனையில் இருப்பது யாளி. பெட்டியின் இரு முனைகளிலும் நைலான் பட்டையில் கைப்பிடி வைப்பது இதற்கு நல்ல வழி. கைப்பிடி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கை போகும். இருவர் சேர்ந்து படுக்கைவாக்கில் தூக்குவார்கள், விழுந்தாலும் உயரம் குறைவு.

மேலே எழுதும் எச்சரிக்கை வாசகங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பெட்டியின் தோற்றத்தில் நம்பிக்கை உண்டு. நெதர்லாந்தின் வான்மூஃப் சைக்கிள் நிறுவனம் தன் சைக்கிள் பெட்டிகளின்மேல் ஒரு பெரிய தட்டைத் திரை டிவியின் படத்தை அச்சிட்டது. சேதம் 70 முதல் 80 சதவீதம் வரை குறைந்ததாக 2016இல் அந்த நிறுவனமே சொன்னது. உள்ளே இருப்பது எப்படிப்பட்ட பொருள் என்று ஒரே பார்வையில் புரிந்தால் தூக்குகிறவர் கை தானாக மாறுகிறது. வீணையின் படத்தைப் பெரிதாக, கிடையாக, மெட்டுகள் மேல்நோக்கி இருக்கும்படி நாலு பக்கமும் ஒட்டுவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

மெட்டுகள் மேல்நோக்கி இருக்க வேண்டியதற்கு உண்மையான காரணம் வெப்பம். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 பாகை செல்சியஸில். ஆனால் அதற்கு வெகு முன்பே, 35 பாகையை ஒட்டியே, அது கையால் பிசையும் அளவுக்கு இளகத் தொடங்கும். கரித்தூள் கொஞ்சம் இறுக்கம் தரும், அவ்வளவுதான். அக்கினி நட்சத்திர நாளில் வெயிலில் மூடி நிற்கும் வேனுக்குள் காற்று 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் வீணை கவிழ்ந்தோ பக்கவாட்டிலோ கிடந்தால், மெட்டு ஒவ்வொன்றும் தன் எடையால் மயிரிழை மயிரிழையாகச் சாயும். மயிரிழைச் சாய்வு போதும், சுரம் கெட. இதற்கு எந்த ஃபோமும் பாதுகாப்பு இல்லை. அனுப்பும் மாதத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி: மார்கழி, தை நல்லது. போய்ச் சேரும் ஊரில் அப்போது கடுங்குளிர் என்றால் வேறொரு சிக்கல் வரும். குளிர்ந்த மெழுகு நொறுங்கும். லாரி, விமான அதிர்வில் கரையோரம் துண்டாகப் பெயரலாம். இரண்டையும் ஒருசேரத் தவிர்ப்பது கடினம் என்பதால், பங்குனி பிறப்பதற்கு முன் மாசியில் அனுப்புவதை நான் ஆதரிப்பேன்.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. நெளி அட்டைக்கு 1871இல் நியூயார்க்கில் காப்புரிமை பெற்ற ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைக் கண்ணாடிப் பாட்டிலையும் விளக்குச் சிம்னியையும் சுற்றத்தான் பயன்படுத்தினார். பெட்டியாக மாறியது பிறகுதான். நெளிவுகள் நின்றவாக்கில் இருக்கும்போதுதான் பெட்டி மேலிருந்து வரும் சுமையைத் தாங்கும், அதுவும் பெரும்பாலும் நான்கு மூலைகளால். ஈரப்பதம் மிகுந்த கிடங்கில் அட்டை தன் வலுவில் பாதியை இழந்துவிடும். அதனால் வீணைக்கு ஏழு ப்ளை அட்டை அல்லது ப்ளைவுட். பபுள் ஷீட் 1957இல் நியூஜெர்சியில் சுவர் ஒட்டுத்தாளாகப் பிறந்து, அந்த வேலைக்கு எடுபடாமல் பேக்கிங்குக்கு வந்தது. கீறல் படாமல் காக்க அது நல்லது. நாள்கணக்கில் குடத்தின் எடையைச் சுமந்தால் குமிழிகள் மெல்லக் காற்றை இழந்து தட்டையாகிவிடும். தெர்மாகோல் முதல் அடியை அருமையாக வாங்கும். வாங்கியபின் நசுங்கியபடியே இருக்கும், இரண்டாம் அடிக்கு உதவாது. பாலிஎத்திலீன் ஃபோம் மீண்டு எழும். பார்சல் ஒருமுறை மட்டும் விழும் என்று யாரும் உறுதி தர முடியாது என்பதால் அதுவே மேல். வைக்கோலை நான் மதிக்கிறேன்: உள்ளே வெற்றிடமுள்ள தண்டுகள் ஒவ்வொன்றாக நசுங்கி ஆற்றலை வாங்கும் முறை அறிவியல்படி மிகச் சரியானது, குயவர்கள் பானை வண்டியில் அதை நம்பியதில் அர்த்தம் இருந்தது. ஆனால் பூச்சியும் விதையும் சேர்ந்து வரும் என்ற அச்சத்தால் பல நாடுகளின் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள் அதை விடுவதில்லை. மரச்சட்டப் பெட்டிக்கும் விதி உண்டு: பச்சை மரத்தின் உள்மையம் 56 பாகையில் முப்பது நிமிடம் இருக்கும்படி சூடாக்கி, அல்லது புகையூட்டி, அதற்கான முத்திரை குத்த வேண்டும். ப்ளைவுட்டுக்கு இது தேவையில்லை.

பழைய குடும்ப வீணை என்றால் முதலில் அதன் அலங்கார வேலையைப் பார்க்க வேண்டும். யானைத் தந்தமோ மான்கொம்போ பதித்திருந்தால் அதை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். நிற்கத்தான் வேண்டும்.

வீணையை உள்பெட்டி ஒன்றில் அசையாமல் பிடித்துவைத்து, அந்தப் பெட்டியை வெளிப்பெட்டிக்குள் ஃபோம் மீது மிதக்கவிடுவது நான் அறிந்த சிறந்த ஏற்பாடு. ஒழுங்கற்ற உருவத்தைப் பிடிக்கும் வேலை உள்பெட்டிக்கு. விழும்போது தூரம் தரும் வேலை வெளிப்பெட்டிக்கு. இரண்டு வேலையையும் ஒரே பொருளிடம் கேட்டால் இரண்டும் அரைகுறையாகும். சுங்கத்தில் யாராவது திறந்து பார்க்கவும் கூடும். நாம் புதிர் போலப் பொருத்தியதை அவர் ஐந்து நிமிடத்தில் திரும்ப வைத்தாக வேண்டும். எது எந்தத் திசையில் இருந்தது என்று காட்டும் இரண்டு போட்டோக்களை மூடியின் உட்புறம் ஒட்டி, ஃபோம் துண்டுகளில் 1, 2, 3 என்று எண் போட்டுவிட்டால் அவருக்கும் நிம்மதி, வீணைக்கும் நிம்மதி.

போய்ச் சேர்ந்ததும் உடனே பிரிக்க வேண்டாம். குளிர்ந்த மரத்தின் மேல் வீட்டின் ஈரக்காற்று பட்டால் நீர் கோத்துக்கொள்ளும். மூடிய பெட்டி ஒரு நாள் முழுக்க அறைக்குள் கிடந்து வெப்பம் சமமாகட்டும். பிறகு தந்திகளை ஒரே மூச்சில் சுருதிக்கு ஏற்றாமல் இரண்டு மூன்று நாளில் படிப்படியாக ஏற்றலாம். வெந்நீர்க் குழாய்களோ ஹீட்டரோ உலர்த்தும் குளிர்கால வீட்டில் பலா மரம் நாருக்குக் குறுக்காகச் சுருங்கும், ஆகையால் அறையில் ஒரு ஈரப்பதமானியும் தேவைப்படும். பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடக் கூடாது. மெழுகுக் கரையை எடுத்து மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டுப் புதிதாகப் பதிக்கும் வேலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தே தீரும், அதைச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் பெரும்பாலும் தஞ்சாவூர்ப் பக்கம்தான் இருக்கின்றன.